நூறு பேரில் நாற்பத்தொரு பேர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தேன். டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒட்டுக் கேட்டேன் என்பீர்கள். ஆமாம், கேட்டேன்.

உள்ளே இருந்தவரை முதல் வரைவில் கேக் கடைக்காரர் ஆக்கினேன். ‘நாற்பது வருடமாகச் சர்க்கரையிலேயே புழங்கிய அந்தக் கைகள் இன்று…’

[நிறுத்திவிட்டேன். கேக் கடைக்காரருக்குச் சர்க்கரை நோய் என்றால் மூன்றாவது வரியிலேயே நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.]

நிஜத்தில் அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. தலைமுடி கனத்துக் கம்பிகளைக் கண்ணாடி போடாமல் பிரித்து முடுக்குவார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை வந்து, கடைசி ஆறு வருடம் பார்வை இல்லை. அதனால் அன்றைக்கு அவர் குரல் சற்று ஓங்கியே இருந்தது.

2

“சுகர் வந்துடுச்சா, வரலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா.”

“வரலை. அதுக்கு முந்தின நிலை. பார்டர்ல நிக்கிறீங்க.”

வயது, எடை, இடுப்பளவு, அப்பாவின் நோய், ரத்தத்தின் மூன்று மாதச் சராசரி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டினார் டாக்டர்.

“உங்களை மாதிரி நூறு பேரை எடுத்துக்கிட்டா, அஞ்சு வருஷத்துல நாப்பத்தொரு பேருக்கு வரும்.”

“அந்த நாப்பத்தொரு பேர்ல நான் இருக்கேனா?”

“அதை இது சொல்லாது.”

“நல்லா இருக்கே! இந்த லிஃப்ட் நடுவுல நிக்குமான்னு நீங்க கேட்டு, ‘நூறு லிஃப்ட்ல நாப்பத்தொண்ணு நிக்கும்’னு நான் சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“படியில ஏறிப் போவேன்,” என்றார் டாக்டர். “நீங்களும் அதையே செய்ங்க. எடையைக் குறைச்சு, தினமும் நடந்தா இந்த எண்ணே இறங்கும்.”

3

வீட்டுக்குப் போனவர் அப்பாவின் படத்தின் முன் நின்று…

[ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அவர் அப்படி நிற்கவே இல்லை. மூன்று நாள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார், அவ்வளவுதான்.]

நாலாம் நாள் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மா பஸ் ஓட்டுபவர். நாளெல்லாம் பயணிகளின் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு வருகிறவர்.

“ஏங்க, மிச்சம் அம்பத்தொன்பது பேருக்கு வராதாமே! அவங்க என்னதான் பண்றாங்கன்னு போய்ப் பாருங்களேன்.”

மனுஷர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவமனை நர்ஸ் முன் போய் நின்றார்.

“சிஸ்டர், எனக்கு அந்த நூறு பேரும் வேணும்.”

அடுத்தவர் விவரமெல்லாம் தரக்கூடாது என்றார் நர்ஸ். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து எழுதி, சுவரில் ஒட்டினார்: ‘பார்டரில் நிற்பவர்கள் மாலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலுக்கு வரவும். நடப்பதற்கு.’

பதினோரு பேர் வந்தோம். ஆமாம், நானும்தான். (என் எண் இந்தக் கதைக்குத் தேவையில்லை.)

4

முதல் நாளே பரீட்சை மார்க் மாதிரி எண்களைச் சொல்லிக்கொண்டோம். முடிதிருத்துபவர் முப்பத்துமூன்று. தபால்காரர் இருபத்தெட்டு. மெக்கானிக்கின் நாற்பத்தொன்றை மிஞ்ச ஆளில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. கடைசியாகக் கணக்கு டீச்சர், “ஒன்பது,” என்றார். ஒல்லியானவர். ‘ஒட்டடைக்குச்சி’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர்.

“ஒன்பதா! அப்புறம் எதுக்குக்கா வந்தீங்க?”

“வீட்டுல வாயாட ஆள் இல்லப்பா.”

நடந்தோம். மழை பெய்தால் மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கினோம். மெக்கானிக் ஏழு கிலோ குறைந்தார். பெல்ட்டில் புது ஓட்டை போட அவர் துளைபோடும் மெஷினையே எடுக்க, பெல்ட்டோடு சேர்ந்து சாப்பாட்டு மேஜையிலும் ஓட்டை விழுந்தது. மனைவி ஒரு வாரம் பேசவில்லை. டீச்சர் வழியெல்லாம் எங்களைப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல வைத்தார். மூச்சு வாங்கினால் தப்பாய் வரும். தப்பாய் வந்தால் இன்னொரு சுற்று.

5

ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை. இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

(அ) மெக்கானிக்குக்கு வந்துவிடுகிறது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள்.

(ஆ) ஒருவருக்கும் வரவில்லை. எல்லோரும்…

நடந்தது இரண்டுமில்லை. மெக்கானிக்கின் சராசரி பார்டருக்குக் கீழே இறங்கியிருந்தது. தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தவர், டீச்சர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“என்னக்கா?”

“எனக்கு வந்துடுச்சுப்பா.”

மெக்கானிக் நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டார். “ஒன்பதுன்னுதானே சொன்னீங்க! இவங்களுக்குப் போய் எப்படி வரும்?”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே வந்த டீச்சர் முந்திக்கொண்டார்.

“எதுக்குக் கத்துறே? ஒன்பது பேருக்கு வரும்னா, யாரோ ஒன்பது பேருக்கு வந்துதானே ஆகணும்? அதுல ஒருத்தி நான். கணக்கு தப்பில்ல.”

“ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம்,” என்றார் டாக்டர். “மாத்திரையும் நடையும் போதும். கண்ணையும் காலையும் வருஷா வருஷம் பாத்துக்கலாம்.”

மெக்கானிக் கண்கலங்கி நின்றார். டீச்சர் கையை நீட்டினார்.

“உன் பேப்பரை எடு.”

தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் டீச்சர். முதலில் சிரித்தது டாக்டர். பிறகு அறையே சிரித்தது. மெக்கானிக்தான் அழுதுகொண்டே சிரித்தார்.

6

மற்ற பத்துப் பேருக்கு இன்னும் நாலு வருடம் பாக்கி. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று இப்போதே எழுதினால் அது புளுகு. வேண்டுமானால் நீங்களே ஒரு முடிவு எழுதிக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைக் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், நல்ல மனுஷர்.

எனக்கு நேரமில்லை. மணி ஐந்தே முக்கால். ஒரு கால் ஷூவைக் காணோம், டீச்சர் போனில் கத்துகிறார், இன்றைக்குப் பதினேழாம் வாய்ப்பாடாம். பதினேழு ஏழு நூற்றுப்பத்தொன்பது, பதினேழு எட்டு…