கறுப்புக் கல்லில் சாவி

சமையல் மேடைக்குக் கறுப்புக் கிரானைட்தான் என்று நான் என்றைக்கோ முடிவு செய்துவிட்டேன். மஞ்சள் கறை தெரியாது, எண்ணெய் தெரியாது. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கறுப்புதான். என் வீட்டுக்காரர் தயாளன் மட்டும் வெள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விடியற்காலையில் ஒரு டீ போட்டுக்கொள்வதோடு சரி, அதற்கு இவ்வளவு அடமா என்று எனக்கு எரிச்சல்.

மேடவாக்கம் ரோட்டிலிருக்கும் கல் கடைக்கு, அவர் ஓட்டும் ஸ்கூல் வேனிலேயே போனோம். கடைக்காரர் கறுப்புப் பலகை ஒன்றின்மேல் தண்ணீர் தெளித்துக் காட்டினார். தூசி போனால்தான் அசல் நிறம் தெரியுமாம். தயாளன் சுரத்தில்லாமல் வேன் சாவியைக் கல்மேல் வைத்துவிட்டுப் போனில் பேசினார். சாவியின் தலையும் கறுப்பு.

பேசி முடித்துச் சாவியைத் தேடினார். கண்ணால் இல்லை, கையால். உச்சி வெயிலில், கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுவதுபோல ஈரக் கல்லைத் தடவினார். சாவி அவர் முகத்துக்கு நேரே கிடந்தது. விளையாடுகிறார் என்று திட்ட வாயெடுத்தேன். விரல்கள் அதைத் தாண்டிப் போயின.

சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு, எத்தனை நாளாக என்று கேட்டேன். வெயில் கூசுகிறது என்றார் முதலில். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தீபாவளிலேர்ந்தே மங்கலாதான் கீது ஹேமா. வெள்ளைக் கல்லுன்னா டம்ளரு தெரியும்னுதான்..."

"அப்ப சிக்னலு?"

"முன்னாடி வண்டி நின்னா நானும் நிப்பேன்."

காலையில் எங்கள் மகள் வினிதாவுக்கு ஜடை பின்னி, அவர் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, டாட்டா காட்டியவள் நான். பின்னால் தெருப் பிள்ளைகள் எல்லாம். குரோம்பேட்டையில் லாரியும் பஸ்ஸும் பறக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம்.

பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டினார்.

"குடு ஹேமா. டாக்டராண்ட போனா வண்டிய வுட்டுடுன்னுவாரு. அப்பறம் நம்ம கதி இன்னா?"

அவருக்கும் பயம்தான். நான் சாவியைப் பர்ஸுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒவ்வொருத்தராகப் போன் செய்து, இன்றைக்கு வேன் வராது, நீங்களே போய்க் கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். நாளைக்கு வருமா என்று கேட்டவர்களிடம் ராத்திரி சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கடைக்காரரிடம் வெள்ளையையே அறுக்கச் சொன்னேன்.

வேனைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டோம். வினிதாவைக் கூட்டிவர ஆட்டோ பிடிக்க எதிர்ப்பக்கம் போகவேண்டும். ரோட்டில் கால் வைத்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து தெருவில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.