கவிழ்த்து வைத்த கூடுகள்

வேலியைப் பிய்த்துக்கொண்டு சாலைக்கு வந்துவிட்ட பக்கத்துப் பண்ணைக் கிடாரிகளை விரட்டி உள்ளே விட்டுவிட்டு, முழங்கால் வரை சேறோடு வெர்லா தன் கராஜுக்குத் திரும்பினாள். அவளுடைய நாற்காலியில் அவள் தம்பி கிளெல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மேசைமேல் ஒரு பெட்டி நிறையத் தோட்டாக்கள் பளபளவென்று நின்றன.

"முடிச்சுட்டேன்க்கா. அத்தனையும் ரெடி. நீ போய்க் காலைக் கழுவு," என்றான்.

அவளுக்குக் காலைக் கழுவத் தோன்றவில்லை. பித்தளைக் கூடுகளை வரிசையாக நிறுத்தி வைக்கிற குழிக்கட்டையைப் பார்த்தாள்; அது காலியாகக் கிடந்தது.

அந்தத் தோட்டாக்கள் கிளெலின் மனைவி ஜாய்லீனுக்காக. போன குளிர்காலத்தில் குதிரை தள்ளிவிட்டதில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். கடைத் தோட்டாவைச் சுட்டால் ரிவால்வர் உதைக்கிற உதையில் கண்ணில் நீர் வந்துவிடும். மான்டானாவின் அந்தக் கிழக்குக் கோடியில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற பழைய பாணி ரிவால்வர் பந்தயத்தை விட்டுக்கொடுக்கவும் அவளுக்கு மனசில்லை. அதனால்தான் வெர்லா மெல்ல உதைக்கிற தோட்டாக்களைத் தன் கையாலேயே செய்து தர ஒப்புக்கொண்டாள். வெடிமருந்து விற்கிறவர்கள் அச்சிட்டுத் தரும் அட்டவணையில் எது மிகக் குறைந்த அளவோ, அதுதான் அவள் அளவு. அதற்கு மேலேயும் போகமாட்டாள், கீழேயும் இறங்கமாட்டாள்.

மருந்து கொஞ்சம்தானே, ஆபத்தும் கொஞ்சம்தான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை, பாருங்கள். ரிவால்வரின் பித்தளைக் கூடு, கரிமருந்தை விளிம்பு வரை அடைத்த காலத்தில் அளவெடுத்தது. இன்றைய மருந்து அதன் அடியில் ஒரு சிட்டிகையாகப் படுத்துக் கிடக்கும். மறந்துபோய் இன்னொரு சிட்டிகை போட்டாலும் வழியாது. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். ஒன்று என்றால் மெல்லிய உதை. இரண்டு என்றால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். ஒன்றுமே போடாமல் விட்டாலோ குண்டு குழாயின் பாதியில் சிக்கிக்கொள்ளும். பின்னால் வருகிற குண்டு அதன்மேல் போய் மோதும்.

"கிளெல், நான் கட்டையில கூடெல்லாம் எப்படி வெச்சிருந்தேன்?"

"தாறுமாறா வெச்சிருந்த. பாதி நேரா, பாதி தலைகீழா. நான்தான் எல்லாத்தையும் நிமித்தி அழகா அடுக்குனேன்."

வெர்லா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மருந்து போடாத கூட்டைக் கவிழ்த்து வைப்பாள். போட்டதை நிமிர்த்தி வைப்பாள். அந்தப் பக்கத்தில் தோட்டா செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். நடுவில் எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்ததும் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். இன்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மாட்டின் பின்னால் ஓடினாள்.

"நிமித்துனதுக்கு அப்புறம், மருந்து போட்டது எது, போடாதது எதுன்னு எப்படிடா கண்டுபிடிச்ச?"

"உள்ள பாத்தேன்."

"டார்ச் அடிச்சா?"

"டார்ச் எதுக்கு? பட்டப்பகல்க்கா இது."

"தெரிஞ்சுதா?"

கிளெல் காதைச் சொறிந்தான். "சிலதுல தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. நீ பாதி வரைக்கும் வந்திருப்பன்னு ஒரு கணக்கு வெச்சு, நடுவுலேர்ந்து மருந்து போடுற மெஷின் கைப்பிடிய இழுத்துக்கிட்டே போனேன். குண்டையும் வெச்சு அமுக்கிட்டேன். ஒரு தேங்க்ஸ் கூட சொல்ல மாட்டியா?"

"நடுன்னா எந்த நடு?"

"அட, நடுன்னா நடுதான்! உன்கிட்ட உதவின்னு வந்தா போலீஸ் விசாரணைதான்."

அவன் ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தான். வெர்லா அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சரி, தராசுல போடுவோம். ரெண்டு தடவ போட்டது கனமா இருக்கும்ல?" என்றான், பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவனைப் போல.

"ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு கம்பெனிடா. ஈயக் குண்டு நானே வார்த்தது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அந்த ஏத்த இறக்கத்துல ஒரு சிட்டிகை மருந்து எங்க தெரியும்? எருமை முதுகுல ஈ உக்காந்துச்சான்னு எடை போட்டுப் பாப்பியா?"

வெளியே லாரி வந்து நின்றது. பந்தயத்துக்கென்று அந்தக் காலத்து நீளப் பாவாடையும் விளிம்பு அகன்ற தொப்பியுமாக ஜாய்லீன் உள்ளே வந்தாள். ஒரு கையில் சில்லி என்கிற மாட்டிறைச்சிக் குழம்புப் பாத்திரம், மறு கையில் இலவங்கப்பட்டை ரொட்டித் தட்டு; பந்தயத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட ஆளுக்கு ஏதாவது கொண்டு போகவேண்டும்.

"அண்ணி, பெட்டிய எடுத்துக்கிட்டு ஓடுறேன். பேர் கூப்பிட ஆரம்பிச்சிருப்பாங்க."

"இது உனக்குக் கிடையாது."

வெர்லா நடந்ததைச் சொன்னாள். ஜாய்லீனின் முகம் மாறியது. ஆனால் அவள் கோபம் புருஷன் மேல் திரும்பவில்லை.

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் அண்ணி. பால் கெட்டுப்போச்சான்னு மூணு பேர மோந்து பாக்கச் சொல்ற ஆளாச்சே நீங்க. கிளெல் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளையா இருந்தா தேவலையே. மேசை எட்டியிருக்காது."

"ஒரு வருஷமா இதுக்குத்தான் கையத் தேத்திக்கிட்டு இருக்கேன். தெனம் ரப்பர் பந்தப் பிசைஞ்சு பிசைஞ்சு... நீங்க ஒரு நிமிஷத்துல கெடையாதுன்னு சொல்றீங்க!"

"அந்தக் கையப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன், ஜாய்லீன்."

ஜாய்லீன் கையிலிருந்ததையெல்லாம் மேசையில் வைத்துவிட்டுப் பெட்டிக்குக் கையை நீட்டினாள். வெர்லா அதை மார்போடு அணைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்து, ஜாய்லீன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள்.

வெர்லா பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தாள். அதன் தலைக்குள் தோட்டாவைப் பொருத்தி மரக்கட்டையில் அடித்தால், குண்டும் மருந்தும் கழன்று உள்ளேயே விழும். டொக், டொக், டொக். திறந்து வெள்ளைத் தட்டில் கொட்டினாள். ஒரு சிட்டிகை. சரியான அளவு.

"பாத்தியா!" என்றான் கிளெல்.

டொக், டொக். ஒரு சிட்டிகை. மறுபடியும் ஒரு சிட்டிகை. ஒவ்வொன்றுக்கும் கிளெல் "பாத்தியா" என்றான். ஜாய்லீன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். வெர்லாவின் தோள் கடுத்தது. சில்லி ஆறிப்போய் மேலே கொழுப்பு படர்ந்தது. ஒருவேளை நான்தான் எல்லாரையும் பாடாய்ப் படுத்துகிறேனோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே எரிச்சலாக இருந்தது.

டொக், டொக், டொக். திறந்து கொட்டினாள். கொட்டிக்கொண்டே இருந்தது.

வெள்ளைத் தட்டில் அந்தக் குவியல் மற்றவற்றின் பக்கத்தில் இரு மடங்காக உட்கார்ந்திருந்தது. தராசு தேவைப்படவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தவன் கிளெல். "ஒண்ணுதானே அக்கா?"

ஜாய்லீன் இடது கையால் வலது மணிக்கட்டின் தழும்பை ஒரு தரம் தடவினாள். பிறகு நாத்தனாரின் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, கண்ணாடியையும் வாங்கி மாட்டிக்கொண்டு, பாவாடையை ஒதுக்கி மேசையோரம் உட்கார்ந்தாள்.

"நீங்க கொஞ்சம் தோள ஆத்துங்க அண்ணி. அடுத்ததக் குடுங்க."

வெர்லா அடுத்த தோட்டாவைக் கொடுத்தாள். ஜாய்லீன் இடது கையாலேயே அடித்தாள். அடி கோணலாக விழுந்தது, மறுபடி அடித்தாள்.

"கிளெல்," என்றாள் தலை நிமிராமல். "பந்தயக் கிளப்புக்கு ஃபோன் போட்டு என் பேர எடுத்துடச் சொல்லு. ஏன்னு கேப்பாங்க. நீயே சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

"கூட்டை நிமித்தி வெச்சேன்னு சொல்லு. அவங்களுக்குப் புரியும்."

கிளெல் தட்டிலிருந்த அந்த இரு மடங்குக் குவியலைப் பார்த்தபடியே கிளப்பின் எண்ணை அழுத்தினான்.