மூன்று விரல்

வாய்க்கரிசியை அள்ளிக்கொண்டு வேல்சாமி குனிந்தபோது, யோகலட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மொதல்ல நீ வாயைத் தொற, தம்பி.”

ஒப்பாரி பாதியில் நின்றது. செத்தவன் வாயில்தான் அரிசி போடுவார்கள். போடுகிறவன் வாயைத் திறந்து காட்டுகிற வழக்கம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தச் சாதியிலும் கிடையாது.

நடுவீட்டில் கிடந்தவன் மாரிக்கண்ணன். அவள் புருஷன், வேல்சாமிக்கு அண்ணன். பூ மார்க்கெட்டில் ஏலம் கூவியவன். அவன் ‘மல்லி’ என்று ஒரு சத்தம் கொடுத்தால், கரிவலம்வந்தநல்லூரில் கண்டக்டர் விசில் ஊதாமலே பஸ் கிளம்பிவிடும். கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டுதான் அந்தச் சத்தம். போன ஆடியில் கன்னத்துக்குள் வெள்ளையாய் ஒரு திட்டு. சுண்ணாம்பு பட்டு வெந்தது என்றார்கள். புண்ணானது. வலிக்கவில்லை, ஆகவே புண்ணே இல்லை என்றான். புண் ஆற வேண்டி அவள் கோயிலில் உப்பும் மிளகும் போட்டாள். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழைந்தது, பிறகு ஒன்று. “மனுசன் பேச்சைக் கொறச்சிட்டான், பக்குவம் வந்துட்டு” என்று மார்க்கெட்டே மெச்சியது. கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் டாக்டர்.

“ரெண்டு வாரத்துல ஆறலைன்னா அன்னைக்கே வந்திருக்கணும்மா” என்றார் அவர்.

காலையிலிருந்து வேல்சாமி வாயைத் திறந்து அழவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“மதினி, இதுவா நேரம்?”

“ஒங்க அண்ணனும் நேரம் பாத்துத்தான் போய்ச் சேந்தாரு. தொற.”

திறந்தான். அவள் தன் விரல்களை அடுக்கி வைத்துப் பார்த்தாள். இரண்டோடு நின்றது. செல்போன் வெளிச்சத்தில் சிவப்பாய் ஒரு புண், ஓரமெல்லாம் வெள்ளை.

“எத்தனை நாளாச்சு?”

“தீவாளிக்கு முன்ன இருந்து.”

“வலிக்கா?”

“இல்ல.”

“அவருக்கும் வலிக்கல.”

பிள்ளையில்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டியவன் வேல்சாமிதான். பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “ஏ தாயி, காரியம் முடியட்டும். நாளைக்குக் கூட்டிட்டுப் போலாம்.”

“நாளைக்கும்பீரு. பொறவு பதினாறு முடியட்டும்பீரு. பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரில சீட்டு குடுக்கத நிறுத்திருவான். இவன் ஆட்டோல போவட்டும். கொள்ளிச்சட்டியை நான் தூக்குதேன்.”

“பொம்பளை சுடுகாட்டுக்கு வாரதா?”

“நீரு முன்னால போனா பின்னால வாரேன், அண்ணாச்சி. இல்லன்னா நான் முன்னால போறேன்.”

வேல்சாமி அரிசியைப் போட்டான். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினான்.

சங்கு ஊதினார்கள். பாடை தெருவில் இறங்கியது. ஒடுக்கமான தெரு. பின்னாலிருந்து ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கத் தயங்கினான். சட்டியின் கயிற்றைக் கையில் சுற்றியபடி யோகலட்சுமி திரும்பி, வா என்று தலையசைத்தாள். தூக்கியவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஆட்டோ பாடையை முந்திக்கொண்டு போனது.