காப்பில் சுற்றிய கம்பி

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் வெள்ளைக் கோப்பை கரும்புள்ளியோடு வெந்து வந்தால் யார் தலையாவது உருளும். 1971 ஆவணியில் ஒரு சூளை முழுக்கப் புள்ளி. மேஸ்திரி கோவிந்தராசுக்கு அகப்பட்டவள் சொர்ணாம்பாள். களிமண் கூழைக் கையால் கலக்கிச் சலிப்பவள் அவள். கையிலோ இரும்புக் காப்பு.

“உன் காப்புத் துருதான் மண்ணுல கரையுது. நாளைக்குக் கழட்டிட்டு வா. இல்லன்னா வராத” என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின், மூன்றாவது தங்கவேண்டும் என்று வேண்டிப் போட்ட காப்பு. பிள்ளைக்கு ஐந்து வயது முடியும்வரை கழற்றக் கூடாது. இன்னும் எட்டு மாதம் இருந்தது. வேலை போனால் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஏது? பயந்தாள்தான். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மண்ணரைக்கும் மெஷினில் இரும்புப் பல் பாதியாகத் தேய்ந்து கிடப்பது மேஸ்திரி கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அவள் புருஷன் மாணிக்கவேல் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிறவன். கம்பி சுற்றுவது பெரும்பாலும் அவள் கைதான். அன்று சாயங்காலம் காப்பைக் கழற்றாமல், மணிக்கட்டில் இருந்தபடியே, அதன்மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினாள். காப்பின் முனைகளுக்கு நடுவே விரலகல இடைவெளி உண்டு. முனைகளை மட்டும் மூடாமல் விட்டாள்.

மறுநாள் மேஸ்திரி மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் அம்மியில் நுணுக்கிய மண், மற்றதில் மெஷின் வாயிலிருந்து அள்ளிய மண்.

“ரெண்டுலயும் இன்னும் என் கை படல. பார்த்துக்குங்க.”

கம்பி நுனிகளை டார்ச் பேட்டரியில் வைத்து அழுத்தினாள். மின்சாரம் ஓடியதும் காப்பு காந்தமாகிவிட்டது; கம்பி சூடேறி மணிக்கட்டைச் சுட்டது. முதல் தட்டில் காப்பு முனையால் அளைந்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டாவதில் அளைந்து எடுத்தபோது முனைகளில் கருகருவென்று மீசை முளைத்திருந்தது. வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு பேட்டரியை விலக்கினாள். இரும்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது.

மேஸ்திரி சிரித்து மழுப்பினார். “கெட்டிக்காரிதாம்மா. காப்பு இருக்கட்டும். தினமும் இப்படியே இரும்பை எடுத்துட்டுக் கலக்கு.”

சொர்ணாம்பாள் கம்பியை உருவி மேஜையில் போட்டாள்.

“அதுக்குக் காந்தம் வாங்குங்க. மெஷினுக்குப் பல்லு மாத்துங்க. இது எம்புள்ளைக்குப் போட்டது. நேத்து எல்லார் எதிரயும் திட்டுனீங்க இல்ல? இப்ப எல்லார் எதிரயும், புள்ளி என்னால இல்லன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் மண்ணுல கை வைக்க மாட்டேன்.”

தொட்டியருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளோடு மண் சலிக்கும் பூவாயியும் ஆண்டாளும் சல்லடையைக் கீழே வைத்தார்கள். கோவிந்தராசு தொண்டையைச் செருமினார்.

“புள்ளி வந்து… சொர்ணாம்பா மேல…” என்று முனகினார்.

“சத்தமா” என்றாள் அவள்.