நாத்தனார் முடிச்சு

செல்லசாமி என் கூடப் பிறந்த தம்பிதான். அதற்காக அவன் செய்ததையெல்லாம் நான் மூடி மறைக்க வேண்டுமா? டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தோட்டத் தலைவர் முன்னால், துரும்பைக் கிள்ளிப் போட்டு, "இவளுக்கும் எனக்கும் இனி ஒண்ணுமில்ல" என்று சண்முகவடிவைத் தீர்த்துவிட்டவன் அவன். அந்தக் கையோடு கீழ் டிவிசனில் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு குடித்தனம் போட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் வந்து மகள் அஞ்சலையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். அந்த ஒன்றில் அவனைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையும் அப்பா அப்பா என்று உயிரை விட்டது.

சண்முகவடிவு தாலியைக் கழற்றவில்லை. "துரும்பக் கிள்ளுனது அவரு. நான் கிள்ளலயே மதினி" என்பாள். அந்தத் தாலியில் முதல் முடிச்சு அவன் போட்டது. மற்ற இரண்டும் நாத்தனார் என்ற முறையில் நான் போட்டது. கயிறு மாற்றும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுத்தான் முடிச்சுப் போடச் சொல்வாள். அவன் பேரைக்கூடச் சொல்ல மாட்டாள். யாராவது புருஷன் பேர் கேட்டால் பிள்ளையைப் பார்ப்பாள். "செல்லசாமிங்க" என்று அஞ்சலைதான் சொல்லும்.

ஒருநாள் தம்பி லயத்து வீட்டில் என் காம்பராவுக்கு வந்தான். பிரஜாவுரிமை இல்லையென்று சொல்லிவிட்டார்களாம், இந்தியாவுக்கே போகிறானாம். போய்த் தொலை என்றேன்.

"அஞ்சலையையும் கூட்டிட்டுப் போறேன்க்கா. புள்ள அப்பனுக்குத்தான் சொந்தம். கோட்டுல கேட்டு வாங்கிக்கிறேன்."

கப்பல் ஏறிவிட்டால் பெற்றவள் பிள்ளையை எங்கே போய்ப் பார்ப்பாள்?

நுவரெலியாவில் வழக்குப் பேச ஒரு புரொக்டர் ஐயாவைப் பிடித்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, கல்யாணத்தைப் பதிந்தீர்களா என்பதுதான். எங்கள் லயத்தில் எவர் பதிந்தார்? தாலி ஏறினால் கல்யாணம், அவ்வளவுதான்.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். "கல்யாணம் நடந்துச்சுன்னா தகப்பனுக்குத்தான் முதல் உரிமை. கல்யாணம் இல்லாமப் பொறந்த புள்ளன்னா தாய்க்கு. அதனால கல்யாணமே நடக்கலேன்னு சொல்லும்மா."

"கோயில்ல வச்சுத் தாலி கட்டுனாருங்களே" என்றாள் சண்முகவடிவு.

"அதத்தான் சொல்லக் கூடாது."

வழக்கன்று கோர்ட்டு வராந்தாவில் அவர் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அத மொதல்ல கழட்டும்மா" என்றார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான்தான் அவிழ்த்தேன். மஞ்சளும் வியர்வையும் ஏறி இறுகிக் கிடந்த முடிச்சு லேசில் விடவில்லை. என் நகம் பிய்ந்தது. அடி பாவி ராக்காயி, இதற்கா அன்று இறுக்கிப் போட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டபோது அழுகை வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை, "அத்தே, அப்பா செத்துப் போச்சா?" என்று கேட்டது. தாலி அவிழ்ப்பதை எழவு வீட்டைத் தவிர அது வேறெங்கே பார்த்திருக்கும்? "சும்மா இருடி" என்று அதட்டினேன்.

கூண்டில் ஏறிய தம்பி, "சாமி, தாலி கட்டுன பொண்டாட்டிங்க. எங்கக்காதான் முடிச்சுப் போட்டுச்சு" என்றான். அடேயப்பா! துரும்பைக் கிள்ளிப் போட்டவனுக்கு அன்றைக்குத்தான் பொண்டாட்டி ஞாபகம் வந்தது.

அடுத்து சண்முகவடிவு ஏறினாள். தலையைக் குனிந்தபடியே, "அவரு எனக்குப் புருசன் இல்லீங்க. சும்மா சேந்து இருந்தோம்" என்றாள். அஞ்சலையோடு முன் பெஞ்சில் இருந்த எனக்கே அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீசில் உரக்கச் சொன்னார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தாலி கட்டினானா என்று கேட்டார்கள். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நான் இடுப்பில் சுமந்த பிள்ளை அவன்.

"இல்லீங்க" என்றேன்.

பிள்ளை தாய்க்கே என்று தீர்ப்பானது. வாசலில் அவன் அஞ்சலையைக் கட்டிக்கொண்டு அழுதான். என் பக்கம் திரும்பாமலே போனான். மறு வாரம் நானுஓயாவில் ரயிலேறிப் போனவன்தான், அப்புறம் அவனை நான் பார்க்கவேயில்லை. அஞ்சலை அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நானும் சண்முகவடிவும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனோம். மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா புதிதாக வந்தவர். பிள்ளையின் பேரை எழுதிவிட்டு, "அப்பா பேரு?" என்றார்.

சண்முகவடிவு வழக்கம்போலப் பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்பா இல்லீங்க" என்றது அஞ்சலை.

"எறந்துட்டாரா?"

"இல்லீங்க. அப்பாவே இல்லீங்க. கோட்டுல கேட்டாங்க. அம்மா இல்லேன்னுச்சு, அத்தையும் இல்லேன்னுச்சு."

டிரசர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். செல்லசாமி என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் கோர்ட்டில் சொன்ன பொய் வெளியாகிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் நின்றோம்.