முதல் டம்ளர்

டேங்கர் லாரியின் குழாயில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் லோகப்பிரியா. அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். வீதிக் கிணற்றை முள் வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள்.

"மேலுக்கு ஊத்தக்கூடவா அந்தத் தண்ணி ஆகாது?" என்று அம்மா ரங்கம்மாள் கேட்டாள்.

அப்பா சுப்பையன் அவிநாசிப் பக்கத்துப் பேரூராட்சியில் கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறவர். மருந்து வாசம் அடிக்கிற தண்ணீரை ஊரில் லேசில் தொடமாட்டார்கள். அதனால், மருந்து கலந்து ஊறிய பிறகு, எல்லோர் முன்னாலும் முதல் டம்ளரை அவரே குடிப்பார்.

"பாத்துக்கங்க, உசுரோடதான் நிக்கறேன்."

"உங்களுக்கென்னுங்க, பவுடரத் தின்னே பழகிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே பெண்கள் குடத்தை இறக்குவார்கள்.

வாந்திபேதி பரவிய இந்த வாரமும் அப்படித்தான் குடித்தார். அவருக்கும் வாந்திபேதி கண்டு, இன்று விடிகாலை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மேல்வீட்டு முத்தாத்தாளின் பெண் குழந்தை அங்கேதான் இன்னும் கிடக்கிறது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் பாலகோபால் மாலையோடு வந்தார். லோகப்பிரியா லாரியருகே அவரை நிறுத்தினாள்.

"ஏனுங்க சார், அப்பா மருந்தக் கம்மியாப் போட்டுட்டாருங்களா?"

"இல்ல அம்மிணி, அளவு சரிதான். மூட்டைதான் ஈரம் ஏறிக் கெடந்துது. வீரியமே இல்ல. இன்னைக்குத்தான் டெஸ்ட் பண்ணிப் பாத்தோம்."

"வாசம் அடிச்சுதுங்களே?"

"வாசம் கொஞ்சம் இருக்கும்." அவர் லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்மாகிட்ட இப்பச் சொல்லிப்போடாதே."

முன்னாலேயே ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். மாலையோடு வந்தவரிடம் கேட்கலாமா என்று அவள் யோசிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

குளிப்பாட்டி முடித்துப் பாடையில் கிடத்தியபோது முத்தாத்தாள் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். பெண்கள் அழுகையை நிறுத்தி வழிவிட்டார்கள். இவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று லோகப்பிரியா நினைத்தாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க குடிச்சதப் பாத்துத்தானே என்ற புள்ளைக்கு மோந்து குடுத்தேன்?" என்று சுப்பையனின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

ரங்கம்மாள் தலை நிமிர்ந்தாள். "அவரு ஒண்ணும் தப்புப் பண்ணலே, முத்தா..."

லோகப்பிரியா நடுவில் போய் நின்றாள். "பவுடரு கெட்டுக் கெடந்துதுங்க அக்கா. அப்பாவுக்குத் தெரியாதுங்க."

சொன்ன பிறகுதான் அம்மாவும் கேட்டுவிட்டாள் என்பது உறைத்தது.

"கெட்டுக் கெடந்துதா?" என்றாள் ரங்கம்மாள். "அன்னைக்கு வந்து, மருந்து நல்லாப் புடிச்சிருக்குதுன்னு சொன்னாரே."

முத்தாத்தாள் ரங்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சிருந்தா அவரு வாயில வெச்சிருப்பாராக்கா?"

"புள்ள எப்படி இருக்குது?"

"கண்ணு தொறக்கலீங்க. அண்ணன எடுத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். சுப்பையனின் தலைமுடியை யாரும் சரியாகத் துவட்டவில்லை. வாசலிலிருந்து வீதி வரைக்கும் புழுதியில் ஈரம் சொட்டிக்கொண்டே போனது. கூட்டம் அதை மிதித்துக்கொண்டு நகர்ந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பிய முத்தாத்தாள் மட்டும் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அந்த ஈரத்தின் மேல் கால் படாமல் ஓரமாகவே நடந்தாள்.