வேரை வெட்டிக் கொடுத்த உதவி

எல்லோரும் சௌக்கியமா? போன மாதம் ஊரையே படுத்தி எடுத்த அந்தச் சளியும் இருமலும் விட்டதா? முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? எங்கள் வீட்டில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நானும் என் வீட்டுக்காரரும்தான் கொஞ்ச நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுகிறோம். சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை என்றால் எனக்குத் தெம்பாகத்தான் இருக்கும். இது வெட்கம்.

அவர் வேலைக்குப் போன காலம் முழுக்க மர அறுவை மில்லில் இருந்தவர். ஆற்றில் மிதந்து வரும் கட்டைகளைக் கரைக்கு இழுத்து, ரம்பத்துக்குக் கொடுத்து, பலகையாக்கி அனுப்புவது அவர் பிழைப்பு. எங்கள் மகளுக்கோ ஆற்றைச் சீர்செய்கிற அலுவலகத்தில் வேலை. அவள் கட்டைகளைக் கொண்டுபோய் ஆற்றுக்குள் போடுகிறாள். "நான் வெளியில இழுத்துப் போட்டதையெல்லாம் இவ திரும்ப உள்ள தள்ளுறா. ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுத்தவன்தான் பாவம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உள்ளுக்குள் அத்தனையும் பெருமை.

ஏன் போடுகிறாள் என்று அவள் எங்களுக்குச் சொல்லாமல் இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஓடும் ஆற்றை முன்பு யாரோ நேராக வெட்டிவிட்டார்களாம். தண்ணீர் சாக்கடை மாதிரி நிற்காமல் ஓடுகிறது. மீன் ஒதுங்க ஒரு மூலை கிடையாது, முட்டை போட ஒரு பள்ளம் கிடையாது. பெரிய மரக்கட்டைகளைக் கரைக்குள் பாதி புதைத்து, மீதியைத் தண்ணீருக்குள் நீட்டி வைத்தால் வேகம் குறையும், அடியில் மடு விழும். கரை சரியாமல் இருக்க, இந்த ஆற்றோரத்துக்கே சொந்தமான மரங்களின் கொம்புகளை வெட்டி, துளிர்க்கும்படி ஊன்றுவார்களாம். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கரண்டியைக் குறுக்கே பிடித்துக் காட்டினாள். அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு "ம்" போட்டார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "அப்படியா" போட்டேன். கட்டையைப் பற்றி அவள் சொன்ன முக்கியமான விஷயம் எங்கள் "ம்"முக்கும் "அப்படியா"வுக்கும் நடுவில்தான் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடித்துவிட்டு ஆற்றோரமாக நடக்கப் போனோம். கரையில் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். புயலில் சாய்ந்த மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வேர் அப்படியே இருந்தது. மண்ணும் கல்லும் ஒட்டிக்கொண்டு, வாரிக் கட்டாத தலைமுடி மாதிரி விரிந்து கிடந்தது. அவருக்கு வந்ததே கோபம்.

"இப்படியா கட்டை அனுப்புவானுங்க? எங்க மில்லுல இது வாசல் தாண்டி உள்ள வந்திருக்காது. பொம்பளப் புள்ளைதானேன்னு இளக்காரமா நினைச்சிட்டான் கான்ட்ராக்டர்."

மறுநாள் காலையில் பொக்லைன் வரப்போகிறது என்று மகள் சொல்லியிருந்தாள். மண் தோண்டும் இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைத்துவிட்டு அவள் வேரை வெட்டிக்கொண்டிருக்கப் போகிறாளே என்று எனக்குப் பட்டது. அப்போது நான்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்க வெட்டிக் குடுத்தா என்ன? கையில வித்தை இருக்கு, கொட்டகையில ரம்பம் இருக்கு. பொண்ணுக்கு ஒரு உதவி."

அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. வேலையிலிருந்து நின்ற பிறகு யாரும் அவரிடம் ஒரு உதவி கேட்டதில்லை. மோட்டார் ரம்பத்தை எடுத்துவந்து, எண்ணெய் விட்டு, சாயங்காலம் வரை அறுத்தார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போயிற்று. ஒவ்வொரு வெட்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா? வெட்டிப் போட்ட வேர்க்கட்டைகள் வீணாகக் கிடக்கின்றனவே என்று தெருவுக்கெல்லாம் தாராளமாகத் தானம் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பெரிக்க இரண்டு எடுத்துக்கொண்டாள். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்து தன் சூளைக்கு அள்ளிக்கொண்டு போனார். மகளிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், காலையில் அவளே பார்த்து அசந்துபோகட்டும் என்று பேசிவைத்துக்கொண்டோம்.

காலையில் பிளாஸ்க் நிறைய டீயும் கப்புகளுமாகப் போனோம், அவள் அசந்துபோவதைப் பார்க்க.

அசந்துதான் போயிருந்தாள். கட்டைகளின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடிபட்ட குழந்தையைத் தொடுகிற மாதிரி ஒரு வெட்டின் மேல் கையை வைத்திருந்தாள். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சுற்றி நின்றார்கள். யார் செய்தது இது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ விறகுத் திருடன் என்றார் ஒருவர். திருடன் என்றால் கட்டையை ஏன் விட்டுப்போனான் என்றார் இன்னொருவர். பொக்லைன்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

மகள் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். அவருடைய செருப்பில் இன்னும் மரத்தூள் ஒட்டியிருந்தது. என் கையில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எங்களுக்கும் புரிந்தது.

"என் மேலதான் தப்பு. வேரைத் தொடாதீங்கன்னு ஒரு போர்டு வச்சிருக்கணும்" என்று தன் ஆட்களிடம் சொன்னாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ ஊற்றினேன். யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்குச் சூடு போதும் என்று விசாரித்து, எல்லோருக்கும் கையில் கொடுத்தேன். அவர்களும் வாங்கிக் குடித்தார்கள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மதியம் மகள் வீட்டுக்கு வந்தாள். கத்தவில்லை. சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"வேருதாம்மா முக்கியம். அதுதான் அடியில மண்ணைப் புடிச்சுக்கும். அந்தச் சந்துலதான் மீன்குஞ்சு ஒளியும். வேர் இல்லாத கட்டை மிதந்து போயிடும். சாஞ்ச மரத்தை வேரோட எடுத்து, மண் உதிராம கொண்டு வரணும்னு நாங்க எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா?"

மழை இறங்கப் போகிறது, தண்ணீர் ஏறிவிட்டால் இந்த வருடம் ஆற்றில் கால் வைக்க முடியாது, வேறு மரம் தேட நேரம் இல்லை என்றாள். பிறகு, "வெட்டின வேரெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

அன்றைக்கு வீடு வீடாகப் போனேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போவதைவிடக் கேவலம் உலகத்தில் உண்டா? பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, விஷயம் பொண்ணு காது வரைக்கும் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். ரொட்டிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். காலையிலேயே பாதியைச் சூளைக்குள் போட்டுவிட்டாராம். மீதியை வண்டியில் ஏற்றிவிட்டு, மனசு கேட்காமல் ஒரு ரொட்டியையும் கையில் திணித்தார். "இதுவும் உங்க வேருல வெந்ததுதான், கொண்டு போங்க" என்றார். நல்ல மனுஷன். அந்த ரொட்டியை எங்கள் இருவராலும் சாப்பிட முடியவில்லை. அது பாட்டுக்கு மேசையிலேயே காய்ந்தது.

கிடைத்த வேர்களைக் கட்டைகளுக்கு அடியில் செருகி, பாறை ஏற்றி அமுக்கினார்கள். கட்டைகளை இன்னும் ஆழமாகக் கரைக்குள் புதைத்தார்கள். ஆற்றின் மேல்பக்கம் எப்படியோ முடிந்தது. கீழ்ப்பக்கத்தை முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. அங்கே வைத்திருந்த இரண்டு கட்டைகளையும் தண்ணீர் தூக்கிக்கொண்டு போயிற்று. அலுவலகத்தில் மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். தன் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வருடம் அவள் செய்வதாக இருந்த பெரிய பகுதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. கடைத்தெருவில் பொக்லைன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஆற்றுப் பக்கம் நடப்பதை நிறுத்திவிட்டார். மகள் வந்தால் எப்போதும் போலப் பேசுவாள், சிரிப்பாள், அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விட்டுவிடுவாள். திட்டித் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க போய் அவ ஆபீஸ்ல சொல்லிடுங்களேன்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?" என்றார். அதற்கு மேல் பேச என்னிடமும் மூஞ்சி இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கொம்பு நடும் நாள் வந்தது. தெருக்காரர்களை எல்லாம் மகள் கூப்பிட்டிருந்தாள். அப்பாவை மட்டும் கூப்பிடவில்லை. அவர் தானாகவே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். கடப்பாரையை வாங்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கரையில் குழி போட ஆரம்பித்தார். நான் கட்டாகக் கட்டிய கொம்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மகளுடைய மேலதிகாரியும் வந்திருந்தார். வழவழவென்று ஒரு கோட்டு, சேறு படாத பூட்ஸ். கீழ்ப்பக்கம் ஏன் இப்படி மொட்டையாகக் கிடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி அவரிடம் கேட்டாள். பொறுப்பில் இருந்தவர் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டார், பொருளைப் பாதுகாக்கத் தெரியவில்லை என்று அவர் பதில் சொன்னார். மகள் நாலடி தள்ளி, குனிந்து கொம்பை ஊன்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவள் காது மட்டும் சிவந்தது.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த கடப்பாரை கீழே விழும் சத்தம் கேட்டது.

"அவ இல்லைங்க. அந்த வேரை வெட்டினது நான். யாரையும் கேக்கல. அன்னைக்குக் காலையில இங்கேயேதான் நின்னேன். வாயத் தொறக்கல."

  கொம்பு நட வந்திருந்த பொக்லைன்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"தெரியும் பெரியவரே. அன்னைக்கே தெரியும். அவ்வளவு நேரா வெட்ட இந்தப் பக்கம் வேற யாரு இருக்கா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மற்ற வேலைக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அன்றைக்கு என் டீயைக் குடித்திருக்கிறார்கள். தெரியாதவர் அந்தக் கோட்டுக்காரர் ஒருவர்தான். அவர் மகளை ஒரு தரம் பார்த்தார், என் வீட்டுக்காரரை ஒரு தரம் பார்த்தார். நாளைக்கு ஆபீஸில் தன்னை வந்து பார்க்கும்படி மகளிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அவள் போய் வந்தாள். இன்னும் முடிவு சொல்லவில்லையாம்.

மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்தாள். கட்டிக்கொள்வாள், அழுவாள் என்றெல்லாம் நான் நினைத்தேன். அவள் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு முழம் போகணும்ப்பா. மேலாக நட்டா காஞ்சிடும்."

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். இருட்டும் வரை அவள் கைகாட்டிய இடத்திலெல்லாம் குழி போட்டார். ஒரு இடத்தில்கூடத் தன் யோசனையைச் சொல்லவில்லை.

நான் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றேனே, நின்றபடியே நின்றேன். "வெட்டச் சொன்னது நான்" என்று மூன்று வார்த்தைதான். நாக்கு நுனி வரை வந்தது. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால்தான் சாப்பாட்டு மேசையில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் நான் எழுதுவதை எல்லாம் படிப்பவள். இதையும் படிப்பாள். நேரில் சொல்லத் துணியாமல் உங்களை நடுவில் வைத்துச் சொல்கிறேன், அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

உங்களில் யாருக்காவது உதவி என்று போய் உபத்திரவமாக முடிந்திருக்கிறதா? பெற்ற பிள்ளையிடம் "தப்பு என்னுது" என்று எப்படி ஆரம்பித்தீர்கள், முதல் வார்த்தை என்ன சொன்னீர்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட வருகிறாள்.